காட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை

முப்பத்தாறு வயதில் சரண்யாவின் பார்வை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நேரே இருப்பது நன்றாகவே தெரியும். எதிரே நிற்பவரின் மூக்குத்திக் கல்லைக்கூடச் சொல்லிவிடுவாள். ஆனால் பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது, கதவு நிலை தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டால் எதுவுமே தெரியாது.

திருவரங்குளம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அவள் சமூக அறிவியல் ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன்பு மதுரையில் கண்ணைச் சோதித்த டாக்டர், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வருகிறது, இதற்கு மருந்து கிடையாது என்றார்.

"சொந்தத்துலயாம்மா கல்யாணம்?"

"ஆமாங்க சார். அத்தை மகன். எங்க அப்பா அம்மாவும் சொந்தந்தான்."

"பிள்ளை இருக்கா? ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டிருங்க. இது பிள்ளைகளுக்கும் வரலாம்."

அப்போது அவள் கணவன் தமிழ்செல்வன் கீழே சீட்டுப் பதியும் வரிசையில் நின்றிருந்தான். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் அவனிடம் சொன்ன சரண்யா, அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் சொல்லவில்லை. மகள் இலக்கியாவுக்கு அப்போது ஏழு வயது. தெருவெல்லாம் ஓடித் திரிந்தாள். அவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டாள்.

கடற்கரையோரமாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது சரண்யாதான். நம் மாவட்டத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம் கடற்கரை உண்டு என்று வருடா வருடம் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். ஒரு மைல்கூட நடந்ததில்லை.

"கார் புடிச்சுப் போவோமே. எதுக்கு நடக்கணுங்குற?" என்றான் தமிழ்செல்வன்.

"வண்டியில போனா பக்கத்துல ஓடுறது எதுவும் எனக்குத் தெரியாது மச்சான். நடந்தாத்தான் நின்னு நின்னு பாக்கலாம். இன்னும் ரெண்டு வருசம் போனா அதுவும் முடியாது."

தமிழ்செல்வனுக்கு மின்வாரியத்தில் லைன்மேன் வேலை. கூட வேலை பார்க்கும் சார்லஸ் மலையேறப் போகிறவன். அவனிடம் ஒரு டென்ட்டை இரவல் வாங்கினான். அரையாண்டு விடுமுறையில் அரிசி, பருப்பு, சின்ன கேஸ் அடுப்பு, டார்ச் எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு மூன்று பேரும் பஸ்ஸில் போய்க் காட்டுமாவடியில் இறங்கினார்கள்.

கடலைப் பார்த்ததும் இலக்கியாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"என்னம்மா, அலையே இல்ல. நம்ம ஊரு கம்மா மாதிரி கெடக்கு."

அந்தப் பக்கத்துக் கடல் அப்படித்தான். சேறும் பாசியுமாக, சத்தமில்லாமல் கரையை நக்கிக்கொண்டு கிடந்தது. கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. சரண்யா கணவனுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஓடை குறுக்கிட்ட இடங்களில் கருவேலங்காட்டைச் சுற்றிப் போனார்கள். நாரை நின்றால் நின்றாள். நங்கூரம் போட்ட படகின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பார்த்ததையெல்லாம் நெஞ்சில் அடுக்கிக்கொள்வதுபோல இருந்தது அவள் நடை.

முதல் நாள் இரவு மணமேல்குடிக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். சாப்பிட்டதும் தமிழ்செல்வன் மல்லாந்து படுத்து, "அடேயப்பா, வானத்தப் பாருங்க. நம்ம ஊர்ல இம்புட்டு நட்சத்திரம் ஏது?" என்றான். சரண்யாவுக்கு மேலே கறுப்பாக மட்டுமே இருந்தது. அவன் மனம் நோகக்கூடாது என்று, "ஆமா மச்சான், தெரியுது" என்றாள். இலக்கியாவும், "ஆமாப்பா" என்றாள்.

மறுநாள் அம்மாபட்டினம் தாண்டி, கருவாடு காயவைக்கும் ஒரு திடலின் ஓரத்தில் டென்ட் போட்டார்கள். அந்தத் திடல் செபமாலை என்ற அம்மாளுடையது. "தாராளமா தங்குங்க. நண்டுக் கொழம்பு வச்சிருக்கேன், கொண்டாந்து தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழ்செல்வன் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீருக்குப் போனான். அம்மாவும் மகளும் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

சரண்யாவின் கண்ணில் வெளிச்சம் வடிந்துகொண்டே வந்தது. டார்ச்சை எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாயைத் தடவினாள். அப்போது இன்னொரு தடவல் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் தட்டி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி தட்டி. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவள் கை போட்ட சத்தம் அது. சட்டென்று இரண்டு கைகளும் முட்டிக்கொண்டன. இலக்கியா சிரித்தாள்.

"நானும் டார்ச்சத்தாம்மா தேடுறேன்."

"ஒனக்குத் தெரியலையா பாப்பா?"

"இருட்டிருச்சுல்ல. இருட்டுல எப்படித் தெரியும்?"

குழம்புச் சட்டியோடு வந்த செபமாலை கேட்டார்: "ரெண்டு பேரும் என்னத்தத் தேடுறீங்க? டார்ச்சா? பாப்பா கால்மாட்டுலயே கெடக்கே. இன்னும் பொழுதுகூட முழுசா அடையலையே."

சரண்யா மகளின் கால்மாட்டைத் தடவி டார்ச்சை எடுத்தாள். செபமாலை என்னென்னவோ கேட்டார். என்ன பதில் சொன்னோம் என்று பிறகு அவளால் நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. அன்று நண்டுக் குழம்பு நன்றாக இருந்ததாக அப்பாவும் மகளும் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை கோட்டைப்பட்டினத்தை நோக்கி நடக்கையில், தமிழ்செல்வன் கொஞ்சம் முன்னால் போயிருந்தான். சரண்யா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"முந்தாநேத்து நட்சத்திரம் பாத்தியா பாப்பா?"

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லம்மா."

"அப்பாகிட்டத் தெரியுதுன்னு சொன்னியே?"

"நீ தெரியுதுன்னு சொன்னியா, அதான் நானும் சொன்னேன்."

சரண்யா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல் குத்திவிட்டது என்று மகளிடம் சொன்னாள்.

கோட்டைப்பட்டினத்தில் இலக்கியா விசைப்படகுகளை எண்ணிக்கொண்டு நின்றபோது, டீக்கடை பெஞ்சில் வைத்துக் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அன்றைக்குச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் டீயைக் கீழே வைத்தான்.

"மூணு வருசமா?"

"ஆமா."

"மூணு வருசமா மனசுக்குள்ள வச்சிருந்தியா? எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

"காட்டினா இருக்குன்னு சொல்லிருவாங்களோன்னு பயமா இருந்துச்சு மச்சான். காட்டாம இருக்குற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவன் எழுந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் பிடித்துக்கொள்ள ஏதும் கொடுக்காமல் அவன் முன்னால் போனது அன்றுதான். சரண்யா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் போன திசையில் நடந்தாள். வலைக்கயிறு ஒன்று தடுக்கி முழங்கால் சிராய்த்தது. இலக்கியாதான் தூக்கிவிட்டாள்.

"அப்பா ஏம்மா கோவமா போறாங்க?"

"எம்மேல கோவம்டா. ஓம்மேல இல்ல."

ஒரு மைலுக்கு அப்பால் ஓடை முகத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் போனபோதுதான் அவன் முகம் அவளுக்குத் தெரிந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"பஸ் ஏறிருவோம். இப்பவே மதுரைக்குப் போவோம்" என்றான்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கெழமதான் பாப்பாங்க. மீமிசல் வரைக்கும் போயிருவோம் மச்சான். அவளும் பாக்கட்டும். இனி அவளுக்காகத்தான்."

அவன் மகளைப் பார்த்தான். மகள் ஒரு நண்டு வளைக்குள் குச்சியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பையின் வாரை இழுத்து மனைவியின் கையில் வைத்தான்.

மிச்ச வழியில் தமிழ்செல்வன் ஒவ்வொன்றாக மகளுக்குக் காட்டிக்கொண்டே வந்தான். கடல் அட்டை, சங்கு, படகுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிப்பி. "நல்லாப் பாத்துக்க தங்கம், நல்லாப் பாத்துக்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். சரண்யா கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் மகளின் பின்னலை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தாள். நான்காம் நாள் மதியம் மீமிசலில் பஸ் ஏறினார்கள்.

திங்கட்கிழமை மதுரையில் சொட்டு மருந்து விட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, இயந்திரத்துக்குள் பார்க்கச் சொன்னார்கள். அதே நோய்தான். இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இருபது வயதுவரை பெரிய தொந்தரவு இருக்காது, அப்புறம் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"மூணு வருசத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா சரியாகியிருக்குமா சார்?" என்று சரண்யா கேட்டாள்.

"இல்லம்மா. இதத் தடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா படிப்பு, வெளிச்சம், வண்டி ஓட்டாம இருக்குறது, இதையெல்லாம் முன்னாடியே யோசிச்சிருக்கலாம்."

தமிழ்செல்வன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். பஸ்ஸில் திரும்பும்போது, தூங்கிப்போன மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு திருமயம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. சரண்யாவின் பார்வைத் தட்டு இப்போது ஒரு தம்ளரின் வாயளவுக்கு வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பாடத்தை வாயாலேயே நடத்துகிறாள். இலக்கியா ஏழாம் வகுப்பு, முதல் பெஞ்சு. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் அம்மாவும் மகளும் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். தனக்கு என்ன இருக்கிறது என்று இலக்கியாவுக்குத் தெரியும். சொன்னது சரண்யாதான். கேட்டு முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்ப, உனக்கு மாதிரியே ஆகுமா?"

"ஆமா" என்றாள் சரண்யா. இந்தத் தடவை மறைக்கவில்லை.

தமிழ்செல்வன் வீட்டில், கொல்லையில், கிணற்றடியில், மாட்டுக்கொட்டகையில் என்று ஒரு மூலை விடாமல் விளக்குப் போட்டிருக்கிறான். ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீடுபோலத் தெரியும். அந்த மூன்று வருடத்தைப் பற்றி அவன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. மன்னித்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்க அவளுக்கு வாய் வந்ததும் இல்லை.