மருமகன் தேர்தலில் நின்ற வருடம்

என் மருமகன் கரீபியக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். படிக்க மொன்றியலுக்கு வந்து, வேலை எடுத்து, என் மகளைக் கட்டி, கனடாக் குடியுரிமையும் பெற்றவர். அவருடைய தகப்பன் அந்தத் தீவில் ஒரு தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். மாரி காலத்தில் அவர் திடீரென்று இறந்துபோனார். செத்தவீட்டுக்குப் போன மருமகன் திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு இருவரும் சென்ட் லோரன்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மகள் சோற்றில் கை வைக்கவில்லை.

"அம்மா, அங்க இடைத்தேர்தல் வருது. கட்சி இவரைத்தான் நிக்கச் சொல்லுதாம்."

"நிக்கட்டுமன்," என்றார் என் கணவர். அவருக்கு அது பெருமையாகத்தான் பட்டது.

"அப்பா, வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தவை அங்க நிக்கேலாது. கனடாக் குடியுரிமையை விடவேணும்."

கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். அகதியாக வந்து அந்தக் குடியுரிமைக்காக நாங்கள் கிடந்த கிடை அவளுக்குத் தெரியும். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று என் கணவர் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவரின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னவர்.

"தம்பிக்கு விசரே?" என்றார்.

பைத்தியமா என்று கேட்கிற அந்தச் சொல் மருமகனுக்குத் தெரியும். கோபிக்கவில்லை. "அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே கையைப் பிடித்துக் கேட்டார்கள். என்னால் மறுக்க முடியவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"தோத்தால்?" என்று நான் கேட்டேன்.

"தோற்கமாட்டேன், அம்மா. அது அப்பாவின் தொகுதி."

குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவுக்குப் போனார். மகள் வேலையால் வரப் பிந்தும் என்பதால், மருந்துத் தொழிற்சாலையில் என் வேலை முடிந்ததும் நான்தான் பேரனைக் கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து கூட்டிவருவேன். பேரன் போனில் தகப்பனின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். மஞ்சள் சட்டை, ஒலிபெருக்கி கட்டிய லொறி, மழையில் வீடு வீடாகக் கைகொடுக்கிற தகப்பன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நின்றபோது எனக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. வென்றால் மகளும் பேரனும் அங்கே போய்விடுவார்கள். தோற்றால் மருமகப்பிள்ளை ஒன்றுமில்லாமல் நிற்பார். கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

தோற்றுப்போனார். எதிரே நின்றவர் அந்த ஊரிலேயே இருந்து படிப்பித்த ஓர் ஆசிரியை. "மொன்றியல்காரர் சூட்கேசோடு வந்திருக்கிறார்" என்று மேடைக்கு மேடை சொன்னாராம். வேலை இடைவேளையில் மகளின் அழைப்பு வந்தது. "அம்மா, சரிவரேல்ல," என்றாள். அழவில்லை. மாத்திரைப் பெட்டிகள் போகிற சத்தத்தில் நான்தான் ஏதேதோ ஆறுதல் சொன்னேன்.

அதன்பிறகு அவருக்கு இங்கே வர விசா வேண்டியிருந்தது. புருசனை இங்கே கூப்பிட மகள் ஸ்பொன்சர் விண்ணப்பத்தை ஆயத்தப்படுத்தினாள். ஒருநாள் எங்கள் வீட்டுக் குசினியில் நின்றபடி போனில் அவரோடு கதைத்தாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கொஞ்ச வாக்கில்தான் போனது, பொதுத்தேர்தல் வரைக்கும் இருந்து வேலை செய்தால் வெல்லலாம் என்று ஆட்கள் சொல்கிறார்களாம்.

மகள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"நான் ஆரை அம்மா இங்க கூப்பிடுறன்? வர விருப்பமில்லாத ஆளையோ?"

"அவசரப்படாதை பிள்ளை. தோத்த நோவு," என்றேன். அதை நானே நம்பினேனோ தெரியாது.

அவள் விண்ணப்பத்தை அனுப்பினாள். அனுப்பியதை அவரிடம் சொன்னபோது அவர் "நன்றி" என்று மட்டும் சொன்னாராம். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போது மகளும் பேரனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ஞாயிறுகளில் போனில் தகப்பனும் பிள்ளையும் பிரெஞ்சில் சிரித்துக் கதைக்கிறார்கள். மகள் அந்த நேரம் உடுப்புத் தோய்க்கப் போய்விடுவாள்.