என் வழியாகப் பேசிய இருவர்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே கட்சிக்காரர்கள். கம்பம் ரோட்டில் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போய்ச் சுவர் எழுதியவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் அண்ணன் என்னையே அவருக்குக் கட்டிக்கொடுத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் கட்சி இரண்டாக உடைந்தது. அண்ணன் பழைய கட்சியிலேயே இருந்துகொண்டார், இவர் புதுக்கட்சிக்குப் போனார். அதோடு பேச்சு நின்றது. மெட்ராஸில் தலைவர்களுக்குள் ஆகவில்லை என்றால் என் பிறந்த வீட்டு வாசல் எதற்கு அடைபட வேண்டும் என்று கேட்பேன். "ஒனக்கு அரசியல் தெரியாது" என்று இருவருமே சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

நாங்கள் தேனியில், அண்ணன் உத்தமபாளையத்தில். விசேஷ வீடுகளில் ஒரே இடத்தில் உட்கார நேர்ந்தாலும், "ஒங்க அண்ணனைக் கேளு" என்பார் இவர். "ஒம் புருசன்கிட்ட சொல்லு" என்பார் அவர். இடுப்பில் பிள்ளையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்வேன். தனியாகச் சொல்லி அனுப்பினால் வசவை முழுங்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். 'அந்தத் துரோகி' என்று வருவது என் வாயில் 'மாப்பிள்ளை' ஆகிவிடும். சம்பளமில்லாத தபால்காரி வேலை.

மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு அவரைப் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஒரு வயதில், மூன்று வயதில் என்று தள்ளிப்போய் ஐந்தாகிவிட்டது. அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாக இவரைக் கிளப்பினேன்.

கிளம்பியவர் கட்சிக் கரை வேட்டியோடு வந்தார். வேறு வேட்டி கட்டுவதையே விட்டு வருஷங்களாகியிருந்தது, எனக்கும் அது தோன்றவில்லை. உத்தமபாளையம் வீட்டில் அண்ணன் தோளில் அவர் கட்சித் துண்டு. நான் தட்டை நீட்டினேன். அண்ணன் தட்டைப் பார்க்கவில்லை, வேட்டிக் கரையைப் பார்த்தார்.

"ஆத்தா, இந்தக் கரையைக் கட்டிக்கிட்டு வந்து வச்சா நான் பாக்கு எடுக்க மாட்டேன். வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லு."

"மொதல்ல ஒங்க அண்ணனை அந்தத் துண்டை எறக்கச் சொல்லு" என்றார் இவர்.

இருவருக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. நான் முழுங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை, இருவர் காதிலும் விழுந்துவிட்டது. மதினி தண்ணீர்ச் செம்போடு கதவோரம் நின்று அழுதார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

லோயர் கேம்ப் பக்கத்தில் எங்கள் குலதெய்வம். அங்கே ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரின் மடியில் வைத்துக் குத்தினோம். மொட்டை போடும்போது அழாத பிள்ளை, "இவுக எங்க மாமா இல்ல" என்று ஊசி படும் முன்பே கதறினாள். அன்றைக்கு இரண்டு கட்சியும் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் சாமியிடம் கேட்டேன்.

திரும்பும்போது பஸ் உத்தமபாளையத்தில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அண்ணன். தோளில் துண்டு இல்லை. கையில் பட்டுப் பாவாடையும் ஒரு சின்ன நகைப்பெட்டியும். காலையில் கோயிலுக்கென்றே கிளம்பி, எந்த முகத்தோடு போவது என்று பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டாராம். மத்தியானத்திலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாக எங்களைத் தேடியிருக்கிறார். இதெல்லாம் பிறகு மதினி சொன்னது.

பக்கத்திலிருந்த இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணன் கம்பிக்குள் கைவிட்டு என் மடியிலிருந்த மகளின் காதைத் தொடப் போனார். மஞ்சளையும் காய்ந்த ரத்தத்தையும் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"வலிச்சுச்சா தங்கம்?"

மகள் அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப வலிச்சுச்சுன்னு மாமாகிட்ட சொல்லும்மா" என்றாள்.