வாசலில் இரண்டாவது ஜோடி

இன்று மதியம் திருப்பரங்குன்றம் ஆபீசில், மெய்நிகர் உலகங்கள் கட்டும் எங்கள் தளத்தின் புது அப்டேட்டைச் சோதித்தோம்.

இனி அந்த உலகங்களில் ஒருவர் வீட்டுக்குள் போனால், அவர் செருப்பு வாசலில் கிடக்கும். வெளியே வந்தால் மறைந்துவிடும்.

சோதனை வீட்டுக்குள் நான் மட்டும் போனேன்.

பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முத்து, "அண்ணே, ரெண்டு ஜோடி கிடக்கு" என்றான்.

வெளியே வந்தேன். என் செருப்பு மறைந்தது. மற்றது அங்கேயே கிடந்தது.

சர்வரில் வேறு யாருமில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். குதிகால் தேய்ந்திருந்தது. நாங்கள் வரைந்தது ஒரே ஒரு ஜோடி புதுச் செருப்புதான்.

"அழிச்சிரட்டுமா?" என்றேன்.

"வேணாம்ணே. உள்ள இருக்குறவுக வெளிய வந்து தேடுனா?"

அப்டேட் தாமதமாகும். உள்ளே இருப்பது உங்களில் யாராவது என்றால், தயவுசெய்து கமெண்டில் சொல்லிவிடுங்கள்.