பத்துக்கு ஆறு ஆடிய ஹில்மி நானா

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணியளவில், கம்பளை அலுவலகத்தில் பழைய காணி உறுதி ஒன்றின் பிரதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது செல்வத்திடமிருந்து அழைப்பு வந்தது. செல்வம் பன்விலக்காரன், கண்டியில் நாங்கள் பில்லியர்ட்ஸ் ஆடும் மாடி அறையைப் பார்த்துக்கொள்பவன். வேலை நேரத்தில் அவன் என்னை அழைப்பதே இல்லை.

"அண்ணே, ஹில்மி நானா மௌத்தாயிட்டாருண்ணே. விடியக்காலம்பறயாம். பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கமாம். ஒடனே பொறப்பட்டு வாங்க."

உடனே என்றால் எப்படி? மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். அந்த பஸ் கெலிஓயாவில் நின்றது, பேராதனையில் நின்றது, கை காட்டிய ஒவ்வொருவனுக்கும் நின்றது. சாரதியை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. அடக்கம் நடந்த மையவாடி வாசலுக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது ஆட்கள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, "முடிஞ்சி போச்சி" என்றார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முன் நான்கு மாதமாகவும் பார்க்கவில்லை. அந்த நான்கு மாதத்துக்கு பஸ் சாரதியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹில்மி நானாவை உங்களில் பலர் பூட்டுக் கடைக்காரராக அறிவீர்கள். கதவுப் பூட்டு, கீல், தாழ்ப்பாள் தவிர வேறெதுவும் விற்கமாட்டார். எனக்கு அவர் சனிக்கிழமை மனிதர். அஸர் தொழுதுவிட்டு நாலு மணிக்கு மாடி ஏறி வருவார். எனக்காக ஒரு கோலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன் கோலை எடுப்பார். நாங்கள் ஆடியது ஒற்றைப் பொக்கட் ஆட்டம். மேசையில் பந்து விழும் பொக்கட் ஆறு இருந்தாலும், ஒரு முனையிலுள்ள இரண்டில் ஆளுக்கு ஒன்றுதான் சொந்தம். பதினைந்து பந்துகளில் எட்டைத் தன் பொக்கட்டில் முதலில் போட்டவன் வென்றான். அடிப்பதைவிட மற்றவனை அடிக்கவிடாமல் மறித்து வைப்பதில்தான் இந்த ஆட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. அவசரக்காரனுக்கு ஆகாத விளையாட்டு. நான் அவசரக்காரன்.

ஆட்டத்தில் பலமானவர் பலவீனமானவருக்குப் பந்து விட்டுக்கொடுப்பதுண்டு. எட்டுக்கு எட்டு என்பது ஒன்பதுக்கு ஏழாகும்; இன்னும் வித்தியாசமென்றால் பத்துக்கு ஆறு. பலமானவர் பத்துப் போட வேண்டும், மற்றவருக்கு ஆறு போதும். எங்கள் அறையில் இதற்கொரு வழக்கம் இருந்தது. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றவன் ஒரு பந்து கேட்கலாம். கேட்டால் மறுக்கக்கூடாது. கேட்காதவனுக்குத் தானாகக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் அது அவமானம். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. கண்ணும் கருத்துமாகக் காத்தவர் ஹில்மி நானா.

முதன்முதலில் அவரோடு ஆடியபோது சரிசமமாக, எட்டுக்கு எட்டு ஆடினேன். நான் இரண்டு பந்து போடுவதற்குள் அவர் எட்டையும் முடித்துவிட்டார். அடுத்த சனியும் அதே. ஏழு வாரம் தோற்றேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அந்த வயதில் இன்னொருவரிடம் பந்து கேட்பதா என்று வீம்பு. எட்டாம் வாரம், கோலின் நுனிக்குச் சோக் பூசுகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டு, "நானா, ஒரு பந்து குடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "செல்லிட்டீங்க தானே லோகு தம்பி. இப்பதான் நாம ஆடப் போறோம். இம்மட்டும் நான் தனியத்தான் ஆடின" என்றார். அடுத்த மாதம் இன்னொரு பந்து கேட்டேன். பத்துக்கு ஆறு என்ற இடத்தில் வந்து நின்றோம். அங்கே நான் ஒரு வாரம், அவர் ஒரு வாரம் என்று வென்றோம்.

சரியான எண் எது என்று எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "ஆட்டம் தொடங்க முந்தி ரெண்டு பேருக்கும் வயித்தக் கலக்கோணும். ஒருத்தருக்கு மட்டும் கலக்கினா அது புழயான எண்" என்றார். இதைவிட நல்ல அளவுகோலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மனிதர், தான் ஒன்றும் அறியாதவர் போல புதியவர் என்ற சலுகையில் வந்த அன்றே மூன்று பந்து கேட்டு வாங்கி, நானாவை வெளுத்துவிட்டுப் போனார். நாங்களெல்லாம் கொதித்தோம். அடுத்த சனி அவர் வந்தபோது நானா அமைதியாகச் சொன்னார்: "நீங்க பந்து கேக்கல்ல மகன், வெற்றியக் கேட்டீக்கிறீங்க. பந்து தரலாம். வெற்றிய ஆரும் ஆருக்கும் தர ஏலா." இந்த வார்த்தையை நானும் அங்கே நின்று கேட்டேன். கேட்டு என்ன பிரயோசனம்?

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவருடைய ஆட்டம் மாறியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. மேசையின் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்தை விட்டுவிட்டு, நிற்கிற இடத்திலிருந்தே ஏதோ கடினமான பந்தை முயன்று தவறவிட்டார். புதிய உத்தி என்று நினைத்து நான் வேறு பயந்தேன். பிறகு ஒருநாள் மாடிப்படியின் நடுவில் அவர் போனைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டேன். போனின் திரை அணைந்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. மேசையைச் சுற்றி நடக்க முடியாமல்தான் எட்டிய பந்தை அடிக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இருதயத்தில் கோளாறு என்றும், வேலையைக் குறைக்கச் சொன்னார்கள் என்றும் செல்வம் சொன்னான். நானா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மூன்று வாரம் தோற்றார். நாலாவது சனி நான் கோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "எத்தனைக்கு நானா?" என்றேன். "வழமதான்" என்றார். பத்துக்கு ஆறு. ஐந்தாவது வாரமும் வழமைதான். ஒன்பதாவது வாரமும் வழமைதான். நடக்க முடியாத மனிதர் பத்துப் பந்து போட வேண்டும். நான் ஆறைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நான் கொடுக்க முடியாது, அவர் கேட்கமாட்டார். யோசித்துப் பார்த்தால் அந்த அறையில் அவரைவிடப் பலமானவர் எவருமே இருந்ததில்லை. எங்கள் எல்லோரையும் கேட்கப் பழக்கியவர், தான் ஒருமுறைகூடக் கேட்டுப் பழகாதவர். அவரைக் காலால் மிதிப்பது போல ஒவ்வொரு பந்தையும் போட்டேன்.

பத்தாவது வாரம் அவர் ஒன்பது போட்டிருந்தார், நான் ஐந்து. மேசையில் மிஞ்சியது ஒரே பந்து. அது என் பொக்கட்டின் வாயிலேயே நின்றது, ஊதினாலே விழும். என் முறை. நான் தவறவிட்டேன். வேண்டுமென்றே, பந்தில் கொஞ்சம் அதிகமாகப் படும்படி, அது மேசையின் பக்க விளிம்பில் மோதி அவர் பொக்கட்டின் முன்னால் போய் நிற்கிற மாதிரி அடித்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு நிமிர்ந்தேன். மடையன்.

அவர் அந்தப் பந்தை அடிக்கவில்லை.

"தம்பி, நான் கேட்டேனா?"

"இல்ல நானா."

"பொறகு ஏன் தந்தீங்க?"

கைதவறிவிட்டது என்று பொய் சொல்லவாவது வாய் வந்திருக்கலாம். அவர் கோலை அதன் இடத்தில் வைத்தார், கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார், இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவர் நின்று நின்று இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனை படி என்று எனக்குத் தெரியும். கடைசிப் படி வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு முறை கடைக்குப் போனேன், கதவு அடைத்திருந்தது. ஒரு தடவை போன் எடுத்து "ஒடம்பு எப்பிடி நானா?" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், ஈக்கிறேன்" என்றார். நான் செய்தது பிழை என்று சொல்லத்தான் எடுத்தேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஹேவாஹெட்டயில் என் மனைவியின் அண்ணன் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நாலே காலுக்கு அவர் பெயர் போனில் மின்னியது. கை நீண்டது, நான்தான் நிறுத்தினேன். இத்தனை பேர் நடுவில் அவர் என்னை ஏதாவது கேட்டுவிட்டால் என்று பயம். நாளைக்கு எடுப்போம் என்று நினைத்தேன். நாளை வந்தது, அடுத்த நாளும் வந்தது. அழைக்கத் தாமதித்த வெட்கம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது.

அடக்கம் முடிந்த அன்று பின்னேரம் கட்டுகஸ்தோட்டையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். மகன் இர்ஷாத் எனக்குக் கதிரை எடுத்துப் போட்டான். எதிரே உட்கார்ந்து கேட்டான்.

"அங்கிள், வாப்பா ஒங்களுக்கு ஒருநாள் போன் எடுத்தாரே?"

"எடுத்தாரு. நான் பேசல மகன். என்னா விஷயம்னு சொன்னாரா?"

"ஒங்களுக்கிட்ட ஒரு பந்து கேக்கோணுமாம். ரெண்டு மூணு நாளா அதே பேச்சுதான். இந்த நெலமயில என்ன பந்துண்டு உம்மாவும் ஏசினாங்க. 'கேட்டு வெச்சாத்தான் எழும்பிப் போக எனக்கொரு வேல ஈக்கும். ஒங்களுக்கு வெளங்காது, லோகு தம்பிக்கு வெளங்கும்'ண்டு சென்னார். கதிரய ஜன்னலடியில போடச் செல்லி, சேர்ட்டும் மாத்திட்டுத்தான் போன் எடுத்தார்."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க எடுக்கல்ல. 'வேலயா ஈக்கும், அவரே எடுப்பார்'ண்டுட்டு போன மடியில வெச்சிக்கிட்டீந்தார்."

"எவ்வளவு நேரம்?"

"பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும்."

நான் எழுந்து முற்றத்துக்கு வந்தேன். அங்கே நின்றுதான் அழுதேன். துக்க வீடென்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

நண்பர்களே, போன சனிக்கிழமை மாடி அறையில் அவருக்காக ஐந்து நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஹில்மி நானா ராஜா மாதிரி வாழ்ந்தவர், கடைசிவரை யாரிடமும் எதையும் கேட்காமலே போனவர். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்தத் தலையாட்டலைத் திரும்பப் பெறத்தான் இதை எழுதுகிறேன். அது உண்மையில்லை. அவர் கேட்டார். வாழ்நாள் முழுவதும் கேட்டறியாத மனிதர், நல்ல சேர்ட் போட்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டார். என்னுடைய வெற்றிகளையெல்லாம் ஒன்றாகக் குவித்தாலும் அந்த ஒரு காரியத்துக்கு ஈடாகாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்கிறீர்களா? அவருடைய கோலை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பத்துக்கு ஆறில் ஒரு பந்து விட்டுக்கொடுத்தால் வரும் ஒன்பதுக்கு ஏழு என்ற எண் என்னிடம் இருக்கிறது. அது அவர் கேட்டது, அவருடையது. அதைக் கொடுக்க நான் இருக்கிறேன். வாங்க அவர் இல்லை.