ஒரு மணிக்குள் திரும்பும் கார்

லோகேஸ்வரனுக்கு நாற்பத்து நான்கு வயது. தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டின் முன்பகுதியில் டர்போ கார்களின் எஞ்சினை டியூன் செய்கிறான். பின்னறையில் அவன் அம்மா வடிவம்மாள், இடப்பக்கம் வாதத்தில் விழுந்து மூன்று ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முறையாகப் பயிற்சி பெற்ற நர்ஸ் என்பதால் எல்லாருக்கும் நான் மிஸ்ஸி.

அந்த நான்கு மணி நேரம்தான் அவனுக்கு வெளியே போக வழி. டியூன் செய்த காரை வேகமாக ஓட்டிப் பார்த்தாக வேண்டும். கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பிறை என்ற ஊர்வரை போவான். ஒரு மணிக்குள் வாசலில் இருப்பான்.

டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அழுத்தம் கூடினால் சக்தி கூடும். பெட்ரோல் அதற்குத் தகுந்ததாக இல்லாவிட்டால் உள்ளே தகரத்தில் கல் விழுவதுபோல் சத்தம் வரும். விட்டால் பிஸ்டன் உடையும். எஞ்சினோடு கம்பி இணைத்து, ஹெட்போனில் அந்தச் சத்தத்தைக் கேட்பதில் அவன் கெட்டிக்காரன்.

பாலத்துக்கு அப்பால் சிம்பாங் அம்பாட்டில் பெரிய பட்டறை வைத்திருக்கும் அப்துல் அஜீஸ் இதைக் கேள்விப்பட்டு அவனிடம் சொன்னார்: "உன் சொந்தக் காரக் கொண்டாந்து என் டைனோல ஓட்டிக் காட்டு. சொன்ன நம்பர் வந்தா வேல உனக்கு. பின்னால வீடு இருக்கு, அம்மாவையும் கூட்டிட்டு வந்துரு." டைனோ என்றால் உருளைகள் மேல் காரை ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டி, எஞ்சின் சக்தியை எண்ணில் காட்டும் கருவி. அந்த வேலை கிடைத்தால் பாலமும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

சனிக்கிழமை போனான். பத்தே முக்காலுக்கு என் கைபேசி அடித்தது.

"மிஸ்ஸி, தப்புப் பண்ணிட்டேன். தொண்ணூத்தஞ்சு ஊத்திட்டேன்."

அவன் காரை டியூன் செய்திருந்தது உயர்ரகமான தொண்ணூற்றேழு பெட்ரோலுக்கு. ஊரே விலை குறைந்த தொண்ணூற்றைந்தின் மஞ்சள் குழாயைத்தான் தூக்கும். அவசரத்தில் இவன் கையும் அங்கேயே போய்விட்டது. 'பச்சைக் குழாய் மட்டும்' என்று பெட்ரோல் மூடியில் ஸ்டிக்கர் ஒட்டியவனே இவன்தான்.

"சத்தம் வருது. டேங்க்கக் காலி பண்ணிட்டு மறுபடி ஓட்டலாம்னு அஜீஸ் அண்ணே சொல்றாரு. முடிய ரெண்டு மணி ஆயிரும்லா."

"ஆவட்டும். நான் மூணு மணி வரைக்கும் இருக்கேன்."

"அம்மா தேடுவாங்க."

"தேடுனா நான் பதில் சொல்றேன். நீ வண்டியப் பாரு."

பின்னாலிருந்து அஜீஸின் குரல் கேட்டது: "டேய் லோகா, பெட்ரோல எறக்கவா வேணாமா? சீக்கிரம் சொல்லுலா!" தொடர்பு அறுந்தது.

நான் வடிவம்மாளை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். பன்னிரண்டரைக்குக் கஞ்சி குடித்தார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கார் வந்து நின்றது.

"எவ்ளோ வந்துச்சு?" என்றேன்.

"ஓட்டல மிஸ்ஸி. திங்கக்கெழம வேற ஆளு ஓட்டிக் காட்ட வர்றானாம்."

கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே போனான். நான் சரியாக வைத்திருந்த தலையணையை மறுபடி சரிசெய்தான்.

வடிவம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, அதுக்குள்ள வந்துட்ட?"

"நேரமாச்சும்மா."

"நான் எங்கடா ஓடிரப் போறேன்?"

அவன் வெளியே போய், ரப்பர் குழாயும் டின்னும் எடுத்துவந்து காரிலிருந்து பெட்ரோலை இறக்க ஆரம்பித்தான். நான் பின்னாலேயே போனேன்.

"இன்னும் ஆளு எடுக்கல தம்பி. அஜீஸுக்குப் போன் போடு, இப்பவே திரும்பிப் போ. மூணு மணின்னு சொன்னேன்ல, வேணும்னா அஞ்சு வரைக்கும் இருக்கேன்."

கைபேசியில் சாலை நெரிசல் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தான். "பாலம் ஜேம் மிஸ்ஸி."

எட்டிப் பார்த்தேன். வரைபடத்தில் பாலம் முழுக்கப் பச்சையாகத்தான் இருந்தது.