பெண்குரல் ஆண்கள் பக்கம் கேட்ட திருவிழா

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவள் எழுதத் துணிந்திருப்பதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாங்கள் கடல் தாண்டி, தீவில், ஜங்லிகாட்டில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ரேடியோ பழுதுபார்ப்பவர். அந்த ஆண்டு மாதா கோயில் திருவிழாவுக்காக மெட்ராஸ் கப்பலில் புது ரெக்கார்டு பிளேயர் வந்தது. ஸ்பீக்கர் இரண்டு. ஒன்றில் பெண்குரல் கேட்கும், மற்றதில் ஆண்குரல். சித்தப்பா அவற்றைப் பீடத்துக்கு இருபுறமும் வைத்தார்.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். முதல் நாள் மாலை பாட்டுப் போட்டதும் பெண்குரல் ஆண்கள் தலைமேல் வந்து இறங்கியது. பெண்கள் பக்கம் கனத்த ஆண்குரல். முக்காடுகளுக்குள் சிரிப்பு. கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் எழுந்துவிட்டார்.

"என்னலே இது? பொம்பளைங்க பக்கம் ஆம்பளைச் சத்தம்?"

"ஜனங்களைப் பாத்து நின்னு வயரைக் குடுத்துட்டேன் ஐயா, இடம் வலம் உல்டா ஆயிட்டு. பூசை முடியட்டும், மாத்திருதேன்."

யாரும் நம்பவில்லை. ரேடியோவைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு இடது வலது தெரியாதா? பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஒரு படகுக்காரரின் மகள் உட்காருவாள். அந்தப் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் சித்தப்பா அடிக்கடி துடைத்ததை ஊரே பார்த்திருந்தது. பேச்சு ஏதும் கிளம்பினால் மகளை அடுத்த கப்பலில் ஏற்றித் தூத்துக்குடிச் சொந்தங்களிடம் அனுப்பிவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பூசை முடிந்ததும் அம்மா என் காதைக் கிள்ளினாள். "பூ அடுக்குத மாதிரி அங்கயே இரு. அவகிட்ட ஒரு வார்த்தை பேசுனாலும் வந்து சொல்லணும்."

இருந்தேன். பிளேயர் இருந்த பக்க அறையில் நின்றால் எந்தக் குரல் எந்தப் பக்கம் என்று தெரியாது. யாரும் கேட்காமலே அந்தப் பெண் கோயில் நடுவில் வந்து நின்றாள். பெண்குரல் வந்ததும், அது எந்தப் பக்கம் என்று காட்ட, ஆண்கள் பக்கத்துக் கையைத் தூக்கினாள். சித்தப்பா கதவு வழியாகப் பார்த்து வயரை மாற்றினார். இப்போது பெண்கள் பக்கத்துக் கை. முடிந்தது என்று எழுந்தேன். அவர் மறுபடி மாற்றினார். அவள் மறுபடி கை தூக்கினாள். பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்தார்.

உபதேசியார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னுமா ஆகல?"

"காண்டாக்ட் லூசு, ஐயா."

வீட்டில் அம்மா காத்திருந்தாள்.

"பேசுனானா?"

"ஒரு வார்த்தைகூட இல்லம்மா. அவங்க கை மட்டும் தூக்குனாங்க."

"பாட்டு சரியாச்சா?"

"உடனே சரியாயிட்டு. சித்தப்பாதான் திரும்பத் திரும்ப உல்டா பண்ணுனாங்க."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த நேரம் சித்தப்பா உள்ளே வந்தார்.

"மெஷின் கோளாறு, மயினி."

"கோளாறு மெஷின்லயா, தம்பி?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பேசவில்லை என்ற நல்ல செய்தியைத்தான் கொண்டுவந்தேன் என்று நினைத்திருந்தேன். அதைக் கேட்டு அம்மா ஏன் அப்பாவைத் தனியே கூப்பிட்டு அவ்வளவு நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு படகுக்காரர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன்.