சிப்ஸ் கடைக்காரியின் ஓட்டு

போன வாரம் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். விரலில் மை சரியாகக் காயவில்லை. அந்த மைக்கு ஒரு ஆஸ்பத்திரி வாடை உண்டு, எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ தெரியாது. அதன்மேல் தேங்காய் எண்ணெய்ப் புகையும் படிந்ததும், நான் தென்காசியில் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. அப்போதுதான் பெங்களூரிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"போட்டாச்சாக்கா?"

"போட்டாச்சு. நீ ஏன் வரல?"

"எதுக்கு வரணும்? ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் வரப்போறான். ரெண்டும் ஒண்ணுதான். மூணாவதா எவனுக்காவது போட்டா அது வேஸ்ட்டு. அதுக்குப்போயி பஸ்ல உக்காந்து இடுப்பொடிய வரணுமாக்கும்?"

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை உடனே வராது. இரண்டு நாள் கழித்து, பாத்திரம் விளக்கும்போதுதான் நல்ல நல்ல பதிலாக வரும். அம்மா அப்படியில்லை, கேட்ட இடத்திலேயே கொடுத்துவிடுவாள். அம்மாவின் கதை தம்பிக்கும் தெரியும்தான். ஆனால் அது நடந்தபோது அவன் சின்னப் பையன், மதுரையில் மாமா வீட்டில் லீவுக்குப் போயிருந்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். அதனால் அவனை விட்டுவிட்டு உங்களிடம் சொல்கிறேன்.

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் கடை இருந்தது. அப்பாவின் பூர்வீகம் நெல் விவசாயம். வயல் கைவிட்டுப் போனபிறகு அவர் வைத்த கடை அது. கடை அவர் பெயரில், அடுப்பு அம்மாவின் கையில். செங்கோட்டைப் பக்கமிருந்து காய் வரும். தோலை உரித்து, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலேயே சீவிக்கொண்டு போவாள். பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரை அள்ளித் தெளிப்பாள். அந்தச் சத்தத்துக்கு ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா எத்தனை முறை சீயக்காய் போட்டுக் குளித்தாலும் தாலிக்கயிற்றில் அந்த எண்ணெய் வாடை இருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னை 'சிப்ஸு' என்றுதான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அழுதிருக்கிறேன். இன்றைக்கு அப்படிக் கூப்பிட ஆள் இருந்தால் தேவலை என்றிருக்கிறது.

அந்த வரிசையில் முதலில் இரண்டே சிப்ஸ் கடைகள், எங்களுடையதும் எதிர்க்கடையும். அப்பா ஒரு பெரிய கட்சி, எதிர்க்கடை அண்ணாச்சி இன்னொரு பெரிய கட்சி. கொடி வேறு, கோஷம் வேறு. ஆனால் சிப்ஸ் விலையை மட்டும் இருவரும் சேர்ந்து பேசித்தான் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டு அரசியல் விவாதமெல்லாம் இந்தக் கடைகளை வைத்தே நடந்ததால், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பாவின் வாதம் இது: "நாட்டுக்கு ரெண்டு கட்சி போதும்ட்டி. ஒருத்தன் சரியில்லையா, இறக்கிட்டு அடுத்தவன ஏத்து. பத்துக் கட்சி சேந்து ஆண்டா தப்புக்கு யார் சட்டையப் பிடிப்ப? அவன் இவனக் கை காட்டுவான், இவன் அவனக் கை காட்டுவான்."

அம்மா சீவுகிற கையை நிறுத்தாமல் சொல்வாள். "நாமளும் எதிர்க்கடையுமா ரெண்டு கடைதான இருந்தோம். எண்ணெய மாத்தாம கருகக் கருக எத்தன நாள் ஓட்டுனோம்? மூணாவதா அந்தச் செங்கோட்டைக்காரன் கடை போட்ட பொறவுதான புது எண்ணெய் ஊத்துனிய."

"அதுக்காவ முப்பது கடை வந்தா ஒருத்தன் வீட்டுலயும் உலை கொதிக்காதுடி."

"முப்பது வேண்டாம். மூணு வரட்டும்னுதான சொல்லுதேன்."

இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. நாம் ஒரு கட்சிக்குப் போட்டிருப்போம், ஜெயித்தபிறகு அவர்கள் நம்மைக் கேட்காமலே நேற்றுவரை திட்டியவனோடு சேர்ந்துகொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் பேச்சு ஞாபகம் வரும். ஆனால் கருகிய எண்ணெயை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது தென்காசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தேர்தல் நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கட்சிக்காரர்கள் சென்னைக்குப் பேசுவார்கள். ஒரு கட்சிக்காரர் வெளியே வருவார், அடுத்த கட்சிக்காரர் உள்ளே போவார். "நம்ம சைடு நல்லாருக்குண்ணே, பொம்பளை ஓட்டு அப்படியே நமக்குத்தான்." ஒரே குரல், ஒரே வாக்கியம், ரிசீவரின் சூடுகூட ஆறியிருக்காது. யாரைக் கேட்டு இந்தப் பொம்பளை ஓட்டை இவர்கள் பங்கு போடுகிறார்கள் என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தேர்தலில் மூன்றாவதாக ஒருவர் நின்றார். அச்சன்புதூர்க்காரர், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுயேச்சை, சின்னம் தையல் மிஷின். வாடகைச் சைக்கிளில் மைக்கைக் கட்டிக்கொண்டு தனியாக வந்தார். எங்கள் கடை முன்னால் நிறுத்தி, அப்பாவைத் தாண்டி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "இத்தன கடையில இத்தன பொம்பளைங்க வேலை பாக்கியளே, ஒரு கக்கூஸ் உண்டுமா இங்கன?"

அம்மாவின் கை நின்றது. அடுப்பு எரியும்போது அவள் கை நின்று நான் அன்றுதான் பார்த்தேன். அதுவரை அம்மாவும் மற்றக் கடைப் பெண்களும் பக்கத்து லாட்ஜ் மேனேஜரிடம் கெஞ்சித்தான் போய்வந்தார்கள். சீசனில் லாட்ஜ் நிரம்பியிருந்தால் அதுவும் கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். எதிரே அத்தனை தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அப்பா சிரித்தார். "அவருக்கு டெப்பாசிட்டே தேறாது. போட்டு என்னத்துக்கு?"

"ஜெயிக்கிறவனுக்குப் போட நான் என்ன குதிரைப் பந்தயமா கட்டுதேன்?"

ஓட்டு நாள் கடும் கோடை. அருவியில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை, பாறைதான் கறுப்பாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கல்யாண ஆர்டர் வந்திருந்ததால் அம்மா விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். அப்பா கரை வேட்டி கட்டிக்கொண்டு, ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் கட்சிக்காரர்கள் போட்டிருந்த மேஜைக்குப் போய்விட்டார். மத்தியானம் வேலை முடிந்தது. அம்மா குளித்தாள், கை இரண்டையும் சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்தாள், என் தாய்மாமன் எடுத்துக்கொடுத்த அரக்குச் சேலையைக் கட்டினாள். எனக்கு அதுதான் முதல் ஓட்டு. எனக்கு இருந்த படபடப்பில் பாதி அவளுக்கும் இருந்தது.

நான் முன்னால் போனேன். பெயரைப் படித்தார்கள், மை வைத்தார்கள், சீட்டு கொடுத்தார்கள். மறைப்புக்குள் போய்க் குத்திவிட்டு வந்து திரும்பிப் பார்த்தால், அம்மா அங்கேயே நிற்கிறாள்.

"இந்த ஓட்டு காலைலயே போட்டாச்சே," என்றார் பட்டியல் வைத்திருந்தவர்.

"யாரு போட்டா? நான் இப்பத்தான வாரேன்."

அப்பா கட்சியின் ஏஜெண்ட், தினமும் எங்கள் கடையில் ஓசிச் சிப்ஸ் தின்கிற ஆள், பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மைனி, வேலை மும்முரத்துல மறந்திருப்பிய. காலைல வந்து போட்டுட்டுத்தான் போனிய."

"அப்ப மை எங்க?" இடது கையை நீட்டினாள்.

"எப்பவும் எண்ணெயில கெடக்குத கை. அதுல மை எப்படி நிக்கும்?" இதைச் சொன்னது எதிர்க்கட்சி ஏஜெண்ட். அவர் எதிர்க்கடை அண்ணாச்சியின் மச்சினன். அதுவரை டீயைக்கூட முதுகைக் காட்டிக்கொண்டு குடித்த இரண்டு பேரும் இப்போது ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் பார்த்த முதல் கூட்டணி அதுதான். ஒருவர் போட்ட கள்ள ஓட்டை மற்றவர் கேட்பதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா இரண்டு கையையும் பிரிசைடிங் ஆபீசர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க சார். சீயக்காய் போட்டுக் கழுவிட்டு வந்திருக்கேன். கோயிலுக்குப் போறதுக்குக்கூட நான் இப்படிக் கழுவுனதில்ல."

அவர் சிவகிரியிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார். மோந்து பார்க்கவில்லை, பாவம், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "வாம்மா, போவலாம்." வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

"நீ போட்டுட்டல்லா, அப்ப நீ போ," என்றாள்.

வாத்தியார் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு வழி இருக்கும்மா. டெண்டர் ஓட்டுன்னு பேரு. சீட்டுத் தருவேன், நீங்க குத்தி எங்கிட்ட குடுக்கணும். தனியாக் கவர்ல வச்சிருவேன், பெட்டியில போடமாட்டேன். ஆனா அத எண்ணமாட்டாங்க. கோர்ட்டு கேட்டா உண்டு, இல்லேன்னா இல்ல."

"எண்ணாத ஓட்டு எதுக்கு மைனி?" என்று ஏஜெண்ட் சிரித்தார்.

"அத நீ கேக்காத. என் ஓட்ட எண்ணுத மாதிரி ஒருத்தி போட்டுட்டுப் போயிட்டா. எண்ணாத மாதிரியாவது நான் போடுதேன்."

வாத்தியார், அம்மா இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்றார். அவள் பொரித்ததைத் தின்னாத வாய் அந்த அறையில் இல்லை. ஏஜெண்டுகள் இரண்டு பேரும் பட்டியலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அவரைப் பார்த்ததும் ஏஜெண்டுக்கு உயிர் வந்தது, வாத்தியார் இருப்பதே மறந்துபோனது. "நல்லா சொல்லுங்க அண்ணாச்சி. நீங்கதான காலைல சிலிப்பக் குடுத்து, அவ கடைய விட்டு வரமாட்டா, நம்ம ஆளு யாரையாவது வச்சுப் போட்டுருங்கன்னிய."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அப்பாவின் கழுத்து வேர்த்துக் கொட்டியது. அவர் பொய் சொல்லிவிட்டால் எல்லாம் அதோடு முடிந்தது. அம்மா காலையிலேயே போட்டுவிட்டாள் என்று ஒரு வார்த்தை. கட்சியில் அவர் மரியாதை அப்படியே இருந்திருக்கும்.

"சார், இவ என் பொண்டாட்டி," என்றார் அப்பா. "காலைல வரல. இப்பத்தான் வாரா. சீட்டக் குடுங்க."

அம்மா மறைப்புக்குள் போனாள். முத்திரை விழுகிற சத்தம் வெளியே கேட்டது. அவ்வளவு ஓங்கிக் குத்த வேண்டியதில்லை. வாத்தியார் கவரை ஒட்டும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். மை வைத்த விரலை மடக்காமல் வீடுவரை நடந்தாள்.

தையல் மிஷின் தோற்றது, டெப்பாசிட்டும் போனது. அப்பா சொன்னது சரிதான். ஆனால் எங்கள் வரிசைப் பெண்கள் யாருக்கும் சொல்லாமல் ஆளாளுக்கு அதில் குத்தியிருக்கிறார்கள் போல. இரண்டு கட்சிக்காரர்களும் நினைத்ததைவிட அதிகமாகவே விழுந்திருந்தது. அடுத்த தேர்தலில் இரண்டு மேடையிலும் கக்கூஸைப் பற்றிப் பேசினார்கள். கட்டவும் கட்டினார்கள். பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது என்பது வேறு கதை. மூன்றாவது ஆளுக்குப் போட்டால் வேஸ்ட்டு என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டடத்தைக் காட்டத் தோன்றும் எனக்கு.

அப்பாவை அதற்குப்பிறகு கட்சி மேஜைப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. இரண்டு கட்சிதான் வேண்டும் என்ற பேச்சை மட்டும் கடைசிவரை விடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டு நாளும் காலையில் அவரே சீவுகத்தியை வாங்கிக்கொண்டு, "நீ மொதல்ல போயிட்டு வா" என்பார். அவர் சீவினால் ஒன்று அட்டை மாதிரி வரும், ஒன்று காகிதம் மாதிரி வரும். அன்றைக்கு மட்டும் எங்கள் கடைச் சிப்ஸ் வாயில் வைக்க விளங்காது.

இப்போது அந்த வரிசையே இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது கடைகளை எடுத்துவிட்டார்கள். எஸ்.டி.டி. பூத் போய்விட்டது, ஓட்டுச் சீட்டும் முத்திரையும் போய்விட்டன. கம்பவுண்டர் போனார், அப்பா போனார். அம்மாவின் அந்தக் கவர் எந்த அலுவலகத்தில் கிடந்து, எந்தக் குப்பையோடு போனதோ.

கடைசிக் காலத்தில் என்னோடு தென்காசியில் இருந்த அம்மா இறந்து காரியம்கூட முடியவில்லை, நான் தாலுகா ஆபீசுக்குப் போய் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க எழுதிக்கொடுத்தேன். "அதுக்குள்ள என்னம்மா அவசரம், தானாப் போயிரும்" என்றார் அங்கிருந்தவர். தம்பிகூடக் கடிந்துகொண்டான். "பேரத் தூக்குறதுக்கு இவ்ளோ அவசரமாக்கா?" என்றான். அவசரம்தான். இருக்கும்போதே அவள் பெயரில் ஒருத்தி போட்டுவிட்டுப் போனாள்.

போன வாரம் வாக்குச்சாவடியில் என் முறை வந்ததும், பட்டியலை வைத்திருந்த பெண்ணிடம் அம்மாவின் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எங்கள் வீட்டு எண்ணில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இல்லையேம்மா" என்றாள்.

நல்லது என்று சொல்லிவிட்டு, விரலை நீட்டினேன்.